வளரும் பிள்ளைகள் மல்யுத்தத்தை விட்டுப் போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

8 வயதில் பையைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு ஓடிவந்து குட்டிக்கரணம் போட்ட பிள்ளை, 15 வயதில் சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுகிறது. பல ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்கு மல்யுத்தம் கற்றுக்கொடுத்து வருகிறேன். விட்டுப்போனவர்களில் பலர் திறமை குறைந்தவர்கள் இல்லை. அவர்களைக் கொஞ்சம் கவனித்திருந்தால் இருந்திருப்பார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பெற்றோரும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் அதிகம் பேர் விலகுகிறார்கள்?

நான் பார்த்தவரை 12 முதல் 16 வயதுக்குள். இந்த நாலைந்து வருடத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. உடம்பு மாறுகிறது: சராசரியாகப் பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். பள்ளியில் பாடம் கூடுகிறது. நண்பர் வட்டம் மாறுகிறது. போதாததற்குப் போட்டியின் அளவுகோலும் மாறுகிறது.

உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் விதிப்படி 14, 15 வயதினர் 15 வயதுக்குட்பட்ட பிரிவு. 16, 17 வயதினர் 17 வயதுக்குட்பட்ட பிரிவு. 18 முதல் 20 வரை அடுத்த பிரிவு. பிறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கு. அதனால் போன டிசம்பரில் தன் பிரிவிலேயே பெரியவனாக இருந்த பையன், ஜனவரியில் அடுத்த பிரிவில் சின்னவனாகிவிடுகிறான். முந்தைய மாதம் வரை அவன் போட்ட பிடியெல்லாம் பலித்துக்கொண்டிருந்தது. இப்போது எதிரில் நிற்பவனை அசைக்க முடியவில்லை. 17 வயதைத் தாண்டும்போது இன்னொரு சுமையும் சேர்கிறது: அதுவரை 2 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, அதற்குப் பிறகு 3 நிமிடம் வீதம் இரண்டு சுற்று. கூடும் அந்த 2 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவனுக்குத்தான் தெரியும்.

இந்த மாற்றம் வருகிறது என்று முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். "அடுத்த வருஷம் முதல் ஆறு மாசம் நிறையத் தோற்பாய், அது எல்லோருக்கும் நடப்பதுதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயந்து ஓடியிருக்க மாட்டார்கள்.

"படிப்பு அதிகமாகிவிட்டது" என்கிறான். உண்மையான காரணம் அதுதானா?

சில நேரம் அதுதான். பல நேரம் அது சொல்லிக்கொள்ள வசதியான காரணம்.

14 வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் இருந்தான். வார்ம்-அப்பில் முதல் ஆள். ஓடுவான், முதுகை வளைத்துப் பாலம் போடுவான், கயிறு ஏறுவான். ஆனால் "ஜோடி சேருங்கள்" என்று நான் சொன்ன உடனே ஓரமாகப் போய்க் குனிந்து, இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டுவான். அவன் நிமிர்வதற்குள் எல்லோரும் ஜோடி சேர்ந்திருப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒரு ஜோடியில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொள்வான். பல நாள் இதைப் பார்த்தேன். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் "படிப்பு அதிகமாகிவிட்டது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பின்னால் அவன் அம்மாவிடம் பேசியபோதுதான் புரிந்தது. ஆறே மாதத்தில் அவன் 11 கிலோ ஏறியிருந்தான். கூடவே பழகிய பையன் 48 கிலோவிலேயே இருந்தான், இவன் 59. சின்னவனோடு பிடித்தால் அவனுக்கு அடிபடுமோ என்று பயம். பெரிய பையன்களோடு பிடித்தால் அவர்கள் இவனைப் போட்டு அமுக்கிவிட்டு, ஐந்து நிமிடத்தில் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் "எனக்கு இங்கே ஆள் இல்லை" என்று உணர்ந்துகொண்டு நிற்பதைவிட வீட்டில் புத்தகத்தோடு உட்காருவது அவனுக்கு மேலாகத் தோன்றியிருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் ஒன்றை உறுதியாக நம்புகிறேன். கடுமையான பயிற்சிக்காகப் பிள்ளைகள் மல்யுத்தத்தை விடுவது அபூர்வம். தங்களுக்கு அங்கே ஓர் இடமும் ஒரு ஜோடியும் இல்லாமல் போகும்போதுதான் விடுகிறார்கள். கால்பந்திலோ ஓட்டத்திலோ தன் அளவுக்கு ஆள் இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளை பயிற்சி செய்துவிட முடியும். மல்யுத்தத்தில் எதிரில் ஓர் உடம்பு வேண்டும், அதுவும் ஏறக்குறைய தன் எடையில்.

சரி, ஒத்த எடையில் ஜோடி இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது?

முதலில், ஜோடி சேர்வதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடாதீர்கள். நட்பை வைத்துத்தான் சேர்வார்கள். தனியாக இருப்பவன் தனியாகவே நிற்பான். அன்றைய ஜோடிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். ஐந்து நிமிட வேலை.

அடுத்து, மூவர் குழுவை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் நடுவில், மற்ற இருவரும் மாறி மாறி வருவார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை நடு ஆள் மாறுவார். இதில் மூன்றாவது ஆள் மிச்சப்பட்டவனாக உணர மாட்டான், ஏனென்றால் எல்லோருமே மூவர் குழுவில்தான் இருப்பார்கள்.

எடை வித்தியாசம் இருந்தால் நிபந்தனைப் பிடி நன்றாக வேலை செய்யும். பெரியவன் ஒரு கையைத் தன் பெல்ட் இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது காலைப் பிடிக்கக் கூடாது, அல்லது தற்காப்பு மட்டும். சின்னவனுக்கு ஏற்கெனவே ஒரு கால் கையில் கிடைத்த நிலையிலிருந்து தொடக்கம். இப்படிச் செய்யும்போது 10 கிலோ வித்தியாசத்திலும் இருவருக்கும் வியர்க்கும், இருவரும் கற்றுக்கொள்வார்கள்.

கனமான பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் பிரீஸ்டைலில் (காலையும் பிடிக்கலாம் என்ற பாணி) கீழ் எடைப் பிரிவுகள் 45, 48, 51 என்று 3 கிலோ இடைவெளியில் போகின்றன. மேலே போனால் 80, 92, 110. அதாவது 82 கிலோ பையன் 92 கிலோக்காரனோடு மோத வேண்டும். 94 கிலோ பையன் 110 கிலோக்காரனோடு. ஒரு கிளப்பில் இந்த எடையில் ஒரே ஒரு பிள்ளைதான் இருப்பான். அவனுக்காகப் பக்கத்துக் கிளப்பை அழைத்து வாரம் ஒரு நாள் கூட்டுப் பயிற்சி வையுங்கள். போட்டியாளர்களாயிற்றே என்று தயங்க வேண்டாம். அவர்களிடமும் இதே மாதிரி ஒரு பிள்ளை தனியாக நின்றுகொண்டிருப்பான்.

சின்ன வயதில் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். இப்போது தோல்விமேல் தோல்வி. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

சீக்கிரம் பருவமடையும் பிள்ளைகள் 11, 12 வயதில் பலத்தாலேயே ஜெயித்துவிடுவார்கள். ஒரே ஒரு தலைப்பிடியை வைத்துக்கொண்டு பதக்கமாகக் குவிப்பார்கள். அது போதும்போல இருக்கும், நமக்கும் மகிழ்ச்சி. மூன்று வருடத்தில் மற்றவர்கள் அதே பலத்துக்கு வரும்போது, அவர்களிடம் கால் வேலையும் தற்காப்பும் இருக்கும். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டவை அவை. இவளிடம் அந்த ஒரு பிடிதான் இருக்கும்.

இதற்கு மருந்து முன்னாடியே கொடுக்க வேண்டும். நன்றாக ஜெயிக்கிற 11 வயதுப் பிள்ளையிடம், "இந்தப் போட்டியில் உன் தலைப்பிடி கூடாது, இரட்டைக் கால் பிடியை மட்டும் முயற்சி செய்" என்று சொல்லுங்கள். தோற்கலாம், பரவாயில்லை. ஏற்கெனவே தோல்விக் கட்டத்துக்குள் வந்துவிட்ட பிள்ளையாக இருந்தால், வெற்றி தோல்வியை விட்டு வேறு ஒன்றை எண்ணச் சொல்லுங்கள்: இன்று எத்தனை தடவை கால் பிடிக்குப் போனாய்? கீழே இருந்து எத்தனை தடவை எழுந்தாய்? நோட்டில் எழுதட்டும். ஒரே எதிராளியிடம் போன மாதம் 10-0 என்று தோற்றவள் இந்த மாதம் 6-4 என்று தோற்றால், அது பெரிய முன்னேற்றம். பிரீஸ்டைலில் 10 புள்ளி வித்தியாசம் வந்தாலே ஆட்டம் முடிந்துவிடும். இம்முறை அவள் கடைசி விசில் வரை நின்றிருக்கிறாள். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தாமதமாக வளரும் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. 15 வயது வரை தோற்றுக்கொண்டே இருப்பார்கள். அந்த வயது வரை அவர்களைப் பிடித்து வைத்திருந்தால், நல்ல மல்யுத்த வீரர்கள் அவர்களிலிருந்து நிறையப் பேர் வருவார்கள்.

10 வயதிலிருந்தே மல்யுத்தம் மட்டும் செய்தால்தானே மேலே வரமுடியும்?

இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15 அல்லது 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் ஒரு மாதம் ஒரு மாதமாக மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து இடைவெளி என்றும் பரிந்துரைக்கிறது. நார்வேயின் சிறுவர் விளையாட்டு விதிகளோ 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியலே கூடாது என்கின்றன.

ஜிம்னாஸ்டிக்ஸ், ஜூடோ, நீச்சல், கால்பந்து என எது செய்தாலும் அது மல்யுத்தத்துக்கு உதவும். மூன்று மாதம் வேறு விளையாட்டுக்குப் போய் வந்த பிள்ளை ஆசையோடு திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "போய்விட்டு வா" என்று நாமே அனுப்பிவைத்தால் திரும்பி வரத் தயங்காது. திருட்டுத்தனமாகப் போக விட்டால் திரும்பி வர வெட்கப்படும்.

போட்டிக்காக எடை குறைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வளரும் பிள்ளைக்குக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

1997 நவம்பர், டிசம்பரில், சுமார் ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். ரப்பர் உடை போட்டுக்கொண்டு, சூடான அறையில், தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது. அவர்கள் வளர்ந்த இளைஞர்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது 13 வயதுப் பிள்ளையைப் பற்றி.

உயிராபத்து ஒருபுறம் இருக்கட்டும். எடைக்குறைப்பு பிள்ளைகளை விளையாட்டை விட்டே துரத்துகிறது. எல்லோரும் சாப்பிடும்போது எச்சிலைக் கூட விழுங்காமல் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மல்யுத்தம் என்றாலே பசி என்று மனதில் பதிந்துவிடும். பெரியவர்களுக்கே இது எவ்வளவு கொடுமையான கயிற்றின்மேல் நடை என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. 50 கிலோ பிரிவில் இறுதிப்போட்டி வரை வந்த வினேஷ் போகத், மறுநாள் காலை வெறும் 100 கிராம் கூடியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

நடைமுறையில் என் வழி இதுதான். போட்டிப் பருவம் தொடங்கும்போது பிள்ளை சாதாரணமாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து என்ன எடையில் இருக்கிறதோ, அதற்கு மேலே உள்ள பிரிவில் பெயர் கொடுப்பேன். போட்டி நெருங்குவதற்குள் இன்னும் வளர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வேன். பதினாறு பதினேழு வயதில், கொழுப்பு உண்மையாகவே அதிகம் இருந்து, பிள்ளையே விரும்பினால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகக் குறைக்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ பிள்ளைக்கு அது 900 கிராம்தான். உடல் கொழுப்பு பள்ளி வயது ஆண்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது அபாய அறிகுறி. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"ஒரு பிரிவு மேலே போனால் தோற்றுவிடுவானே?" என்று கேட்பார்கள். தோற்கட்டும். அடுத்த வருடம் அவனே அந்த எடைக்கு வந்துவிடுவான்.

பெண் பிள்ளைகள் ஏன் இன்னும் சீக்கிரம் விலகுகிறார்கள்?

ஜோடிப் பிரச்சினை அவர்களுக்கு இரட்டிப்பு. 30 பேர் இருக்கும் இடத்தில் மூன்று பெண்கள்தான் என்றால், அந்த மூவருக்கும் எடையும் வயதும் ஒத்துப்போக வாய்ப்பே குறைவு. 10 வயது வரை ஆண் பிள்ளைகளோடு புரண்டு விளையாடியவள், 13 வயதில் தயங்குவாள். எதிரில் இருக்கும் பையனும் தயங்குவான். இதை அவளிடமே தனியாகக் கேட்டுவிட வேண்டும்: யாரோடு பயிற்சி செய்ய உனக்குச் சரியாக இருக்கும், யாரோடு வேண்டாம்? அவள் சொல்லும் பதில்தான் முடிவு, காரணம் கேட்கக் கூடாது.

பெண்கள் ஒரு நாளாவது தனியாகக் கூடும் வகுப்பு இருந்தால் நல்லது. ஒரு பெண் பயிற்சியாளர், அல்லது மூத்த வீராங்கனை ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். மாதவிடாய் நாளில் "இன்று லேசாகச் செய்கிறேன்" என்று சொல்ல அவளுக்கு ஒரு காது வேண்டும். உடை மாற்ற அறை, உள்ளே தாழ்ப்பாள். பிடியைத் திருத்தும்போது எல்லோர் பார்வையிலும், சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. இவை ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இவற்றை எழுதி ஒட்டிவைத்தால் பெற்றோருக்கும் தைரியம்.

அப்புறம், அவர்களுக்கு முன்மாதிரிகளைக் காட்டுங்கள். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2004 ஏதென்ஸில்தான். அந்த முதல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் கவோரி இச்சோ, 2016 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

ஒட்டிய உடை போட வெட்கப்படுகிறான்.

13 வயதில் வெட்கப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பயிற்சியில் டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதும், பாக்கெட்டும் பொத்தானும் இல்லாததாக இருந்தால் சரி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் 2017-18 பருவத்திலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துண்டு உடையை அனுமதித்தார்கள். உங்கள் போட்டியின் விதி என்ன என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். உடைக்காக ஒரு பிள்ளையை இழக்க வேண்டாம்.

காதும் தோலும் கெட்டுப்போகுமே?

காது மடலில் அடிபட்டு ரத்தம் கட்டினால் சில நாளுக்குள் மருத்துவர் அதை வடித்து அழுத்திக் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் இறுகி, காலிஃபிளவர் போலாகிவிடும். காதுக் கவசம் போட்டால் பெருமளவு தவிர்க்கலாம். தோலுக்கு மூன்றே பழக்கம்: பயிற்சி விரிப்பை (மேட்) தினமும் கிருமிநாசினியால் துடைப்பது, பயிற்சி முடிந்த உடனே குளிப்பது, உடையைத் துவைக்காமல் மறுநாள் போடாதிருப்பது. படர்தாமரையோ கொப்புளமோ வந்தால் ஆறும்வரை யாரோடும் பிடிக்கக் கூடாது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த ஒரு அவமானத்துக்காகவே வராமல் நின்ற பிள்ளை எனக்குத் தெரியும்.

அடிபட்டு மூன்று மாதம் ஓய்வு. அதோடு ஆர்வமே போய்விட்டது.

ஓய்வு உடம்புக்கு. கிளப்புக்கு வருவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தால் நண்பர்கள், பழக்கம் எல்லாம் அறுந்துபோகும். வழக்கமான நாளில் வரட்டும், ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொள்ளட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு விசில் ஊதட்டும். முழங்காலில் அடி என்றால் கைப்பிடிச் சண்டையை உட்கார்ந்தே பழகலாம், மருத்துவர் சரி என்றால்.

தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் என எது இருந்தாலும் அன்றைக்கு மறுபடி களமிறங்கக் கூடாது. மருத்துவர் ஒப்புதலோடு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்.

தோற்றுவிட்டு வெளியே வருகிறாள். பெற்றோர் என்ன பேசுவது?

தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். துண்டைக் கொடுங்கள். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை ஓர் அப்பா, மகன் களத்திலிருந்து இறங்கிய கையோடு, அவன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, போனில் எடுத்த வீடியோவை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இங்கே பார், இங்கே ஏன் கையை விட்டாய்?" என்று கேட்டார். பையன் திரையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் வேலையை விட்டுவிட்டு வருபவர், மகன்மேல் உயிர். ஆனால் மல்யுத்தத்தில் தோல்வி தனியாகத் தோற்கும் தோல்வி. பழியைப் பகிர்ந்துகொள்ள அணி கிடையாது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் முதுகு தரையில் பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் வீடியோ வேண்டாம். இரண்டு நாள் கழித்து அவளே "அதைக் காட்டுங்கள் அப்பா" என்று கேட்பாள். கேட்காவிட்டால் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

போட்டி நடக்கும்போது ஓரத்திலிருந்து பிடியைச் சொல்லிக் கத்தவும் வேண்டாம். பயிற்சியாளர் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும்.

15 வயதுக்காரர்களுக்குப் பயிற்சியை எப்படி மாற்ற வேண்டும்?

இரண்டு விஷயம். ஒன்று, காரணம் சொல்லுங்கள். 9 வயதில் "செய்" என்றால் செய்வார்கள். 15 வயதில் "எதற்கு?" என்று மனதுக்குள் கேட்பார்கள். இந்தப் பிடியை எதற்குப் பழகுகிறோம், இன்றைக்கு ஏன் இவ்வளவு ஓட்டம் என்று இரண்டே வரியில் சொன்னால், பயிற்சியில் முகமே மாறும். இன்னொன்று, தேர்ந்தெடுக்க விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கடைசி 20 நிமிடம் அவர்களுடையது. எந்தப் பிடி, யாரோடு, என்ன விளையாட்டு என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

பாணியை மாற்றிப் பார்ப்பதும் புத்துணர்ச்சி தரும். கால் பிடி வராமல் திணறிய பையன் ஒருவன், இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாத கிரேக்க-ரோமன் பாணிக்கு மாறியதும் வேறு ஆளாகிவிட்டான். மணலில் ஆடும் கடற்கரை மல்யுத்தம் இன்னும் எளிது: மூன்று புள்ளி எடுத்தவர் வெற்றி, அதிகபட்சம் மூன்று நிமிடம். விடுமுறை மாதத்தில் ஆடினால் சிரித்துக்கொண்டே பயிற்சி ஆகிவிடும்.

தண்டனையாக ஓடவிடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஓட்டமும் தண்டாலும் தண்டனை என்று பழகிய பிள்ளை, வளர்ந்த பிறகு தானாக ஓடாது.

மல்யுத்தம் பிடித்திருக்கிறது, போட்டி பிடிக்கவில்லை என்கிறான். அப்படி இருக்க முடியுமா?

தாராளமாக. பதக்கத்துக்கு வராதவனுக்கு இடமில்லை என்று ஒரு கிளப் நடந்துகொண்டால், சில வருடத்தில் பதக்கக்காரனுக்கும் ஜோடி இருக்காது. வாரம் இரண்டு நாள் மட்டும் வந்து வியர்த்துவிட்டுப் போகும் பிள்ளைகள்தான் கிளப்பின் அடித்தளம்.

வேறு வேலைகளும் உண்டு. நடுவர் பயிற்சி 16, 17 வயதுக்காரர்களுக்கு நன்றாகப் பிடிக்கிறது. இடது கையில் சிவப்புப் பட்டை, வலது கையில் நீலப் பட்டை மாட்டிக்கொண்டு, 2 புள்ளியா 4 புள்ளியா என்று நொடியில் முடிவெடுத்துக் கையை உயர்த்த வேண்டும். மேட் தலைவரும் (நடுவர் குழுவின் தலைவர்) துணை நடுவரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கிளப் போட்டிக்கு நடுவராக நின்ற ஒரு பெண், தன் ஆட்டத்தையும் அதற்கப்புறம்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னாள். சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, வீடியோ எடுத்துப் பிரித்துப் பார்ப்பது, போட்டி அட்டவணை போடுவது, எல்லாமே மல்யுத்தம்தான்.

தேர்வு வருடம். நிறுத்திவிடலாமா?

குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வாரம் ஐந்து நாளை இரண்டாக்குங்கள், அந்த வருடம் போட்டி வேண்டாம். பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவரும் அதற்கேற்ப நடந்துகொள்வார். முழுதாக நிறுத்திய பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

"இனிமேல் வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஆனால் தோற்ற அன்றைக்கே சொன்னால் முடிவெடுக்காதீர்கள். இந்தப் போட்டிப் பருவம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள். பேசும்போது எது வேண்டாம் என்று கேளுங்கள்: போட்டியா, எடையா, குறிப்பிட்ட ஒரு ஆளா, நேரமா? பல நேரம் வேண்டாதது ஒன்றே ஒன்றுதான், அதை மாற்றிவிட முடியும். யாராவது கேலி செய்தார்கள், தவறாக நடந்துகொண்டார்கள் என்று சொன்னால், அது வேறு விஷயம். உடனே நம்புங்கள், உடனே நடவடிக்கை எடுங்கள்.

இதெல்லாம் இல்லை, உண்மையாகவே ஆசை தீர்ந்துவிட்டது என்றால், நல்லபடியாக அனுப்பிவையுங்கள். எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லி, கைகொடுத்து.

விட்டுப்போன பிள்ளை திரும்பி வரலாமா? காலம் கடந்துவிட்டதா?

மல்யுத்தத்தில் காலம் அவ்வளவு சீக்கிரம் கடந்துவிடாது. 35 வயதைக் கடந்தவர்களுக்கென்றே உலக அளவில் மூத்தோர் போட்டி நடக்கிறது. கியூபாவின் மிஹாயின் லோபஸ் தன் முதல் ஒலிம்பிக்கான 2004 ஏதென்ஸில் பதக்கம் இல்லாமல் ஐந்தாம் இடத்தோடு திரும்பினார். அதற்குப் பிறகு 2008இலிருந்து 2024 வரை தொடர்ந்து ஐந்து தங்கம். கடைசித் தங்கத்தை வென்று ஷூவைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்தபோது அவருக்கு 41 வயது.

திரும்பி வரும் பிள்ளையை முதல் இரண்டு வாரம் முழுவேகப் பிடியில் இறக்காதீர்கள். கழுத்தும் முழங்காலும் பழக வேண்டும். "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்காதீர்கள்.

நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தான். முந்தைய நாள் அவன் அம்மா போன் செய்து சொல்லியிருந்தார். 64 கிலோ இருந்தான், குரல் உடைந்திருந்தது. பழைய ஷூ காலுக்குச் சேரவில்லை. மூத்தவர்கள் விட்டுப்போன ஷூக்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம், அதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வார்ம்-அப் முடிந்ததும் அவன் பழக்கதோஷத்தில் ஓரமாக நகர்ந்தான். நான் "ஜோடி சேருங்கள்" என்று சொல்வதற்கு முன்பே, 65 கிலோ பையன் ஒருவன் போய் அவன் எதிரில் நின்று கையை நீட்டினான். அவனிடம் நான் முந்தைய நாளே பேசி வைத்திருந்தேன்.